கிளாம்பாக்கத்தில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிப் போனவர்கள் யாராவது உண்டா?

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்), வியாழன் இரவு 11:20

வயது 41. வீடு குரோம்பேட்டை, கிண்டியில் கணக்குப் பிரிவில் வேலை, பத்தாவது படிக்கும் ஒரு பெண்.

நான் ஊர் சுற்றாதவன் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊட்டி, மூணாறு, மைசூரு என்று குடும்பத்தோடு போகிறோம். சரியாக 60 நாளுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்போதே உட்கார்ந்து டிக்கெட் எடுத்துவிடுவேன். தங்கும் அறையின் மெத்தை விரிப்பு என்ன நிறம் என்பது வரை படத்தில் பார்த்துவிடுவேன். ஊர் போய் இறங்கினால் ஏற்கெனவே வந்துவிட்டுப் போன இடம் மாதிரி இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே எதுவும் அசைவதில்லை.

எட்டு வயதில் ஒருமுறை, தஞ்சாவூருக்குப் போக வேண்டிய நானும் மாமாவும் விழுப்புரத்தில் ரயில் மாறும்போது தவறான வண்டியில் ஏறிவிட்டோம். இறங்கியது பாண்டிச்சேரி. மாமா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வாழ்க்கையில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த நாளின் வாசனைகூட இன்னும் நினைவிருக்கிறது. போன வருஷம் மூணாறில் மூன்று நாள் என்ன செய்தோம் என்று கேட்டால் போட்டோவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காசு கட்டிக் கயிற்றில் தொங்குவதையோ பாராசூட்டில் பறப்பதையோ நான் கேட்கவில்லை. அடுத்து என்ன என்று தெரியாமல் ஒரு ஊரில் போய் நிற்க வேண்டும். இந்த வயதில், பொறுப்புகளோடு, அது முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசிப்பெட்டி, வெள்ளி காலை 5:48

தம்பி, ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டாக 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே போகிறோம் என்று தெரியும், எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாது. அப்படி ஒரு வேலை. பெயர் தெரியாத ஸ்டேஷனில் லூப் லைனில், அதாவது மற்ற வண்டிகளுக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில், ஐந்து மணி நேரம் போட்டுவிடுவார்கள். பக்கத்து வயலில் கிணறு இருந்தால் குளித்துவிட்டு வருவோம். அந்த ஐந்து மணி நேரங்கள்தான் இன்று மனதில் மிச்சம் இருக்கின்றன.

நீங்கள் கேட்பதற்கு ஏற்ற டிக்கெட் முன்பதிவில்லாத டிக்கெட். செல்போனிலேயே எடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம் என்றால் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அந்த டிக்கெட்டோடு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி மாட்டினால் அபராதமே குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி.

பெரிய ஊர்களை விட்டுவிட்டுக் கிளைப் பாதைகளைப் பாருங்கள். போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில்தான் அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் ஆரியங்காவு தாண்டிப் பதின்மூன்று வளைவு உள்ள கல் பாலம் வரும், கீழேயே சாலையும் ஓடும். அப்புறம் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி, 37 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் காலத்தில் உப்பு ஏற்றிய பாதை அது. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்து, 2023 ஏப்ரலில் திறந்தார்கள். கடலை நோக்கிப் போய் உப்பளத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. அந்த மாதிரி முடிவில் போய் இறங்கிப் பாருங்கள்.

---

மல்லிகைப்பந்தல், வெள்ளி காலை 9:15

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் மறுநாள் தண்ணீர் பிடிப்பது யார்? என் மாமியார் இரண்டு வருஷமாகப் படுக்கையில். பக்கத்து மளிகைக் கடைக்குப் போவதென்றாலும் நான் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நினைத்தவுடன் கிளம்புவது என்பது, வீட்டில் இன்னொருவர் நினைக்காமலேயே இருந்தாக வேண்டும் என்பதுதான். இதை யாராவது பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

---

ஜன்னலோரம், வெள்ளி காலை 10:02

கோபம் எதுவும் இல்லை அக்கா. உண்மையைத்தான் சொல்கிறீர்கள். நேற்று இரவு மனைவியிடம் பேசினேன். இந்த வாரம் நான் போகிறேன், அடுத்த மாதம் அவள் அவளுடைய தோழியோடு எங்காவது போகிறாள், எங்கே என்று நான் கேட்கக் கூடாது என்று முடிவானது. அவள் கேட்ட நிபந்தனை ஒன்றுதான்: இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன்.

---

ஒற்றைப்பை, வெள்ளி மதியம் 1:30

நான் தஞ்சாவூர், வயது 33, ஆறு வருஷமாகத் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மல்லிகைப்பந்தல் அக்காவுக்காக இதை எழுதுகிறேன்.

சாகசத்துக்கு இரண்டு நாள் வேண்டும் என்பது இல்லை. அரை நாள் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களான நமக்குக் கட்டணம் கிடையாது அல்லவா? ஒரு ஞாயிறு காலை, டவுன் பஸ் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே இறங்குவது, அங்கிருந்து அடுத்து வரும் டவுன் பஸ்ஸில் ஏறுவது என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். முதலில் வந்தது திருவையாறு பஸ். பிறந்ததிலிருந்து எத்தனையோ தடவை போன பாதை. அன்றுதான் வழியில் வரும் பாலங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அப்புறம் காவிரி. 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு. ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருப்பதை எனக்கு 30 வயதில்தான் கண்ணால் பார்க்க முடிந்தது. அங்கிருந்து இன்னொரு பஸ், இன்னொரு பஸ் என்று மாறி, சாயங்காலம் பெயரே கேள்விப்படாத ஒரு கிராமத்துப் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி வந்து, "யாரு வீட்டுக்கு வந்த?" என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை என்றதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மோர் கொடுத்தார்.

இனி கஷ்டமான பகுதி. தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்க மாட்டோம் என்று ஒரு ஊரில் மூன்று விடுதிகளில் சொன்னார்கள். மணி இரவு எட்டரை. மூன்றாவது இடத்தில் வரவேற்பில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்று ரயில் நிலையத்தின் பெண்கள் காத்திருப்பு அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு முதல் வண்டியில் ஊர் திரும்பினேன். அதனால் ஆண்கள் "சும்மா கிளம்புங்கள்" என்று சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் எந்த ஊருக்கும் வெளிச்சம் இருக்கும்போதுதான் போய் இறங்குவேன். மணி நான்கு ஆகிவிட்டால் அறை தேடுவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். பெண்கள் உதவி எண் 181 போனில் எப்போதும் முதலில் இருக்கும். இத்தனைக்குப் பிறகும் போகிறேன். போகாமல் இருந்தால் எனக்குத்தான் நஷ்டம்.

---

மலையடிவாரம், வெள்ளி மாலை 4:40

தேனி மாவட்டத்துக்காரன். ஒரே ஒரு வேண்டுகோள். எங்கு வேண்டுமானாலும் திடீரென்று போங்கள், காட்டுக்குள் மட்டும் அப்படிப் போகாதீர்கள்.

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் தீப்பிடித்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்த பிள்ளைகள். 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கீழே நின்று மலையில் தீ ஓடுவதைப் பார்த்தவன் நான். மாசி, பங்குனியில் புல் எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். காற்று திரும்பினால் மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. நடக்கத் தெரியாதவர்கள் என்பதால் அந்தப் பிள்ளைகள் சாகவில்லை. அந்த மாதத்தில் அந்த மலை என்ன செய்யும் என்பது வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கிறது. காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் போய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மலையைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் சின்னமனூரில் மேகமலை பஸ்ஸுக்கு நில்லுங்கள். ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் சங்கப் பாட்டில் வரும் பூவின் பெயர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம்.

---

அட்டவணை, வெள்ளி மாலை 6:05

எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. திட்டம் போடுவதே எனக்குப் பாதிப் பயணம். கோயிலின் கல்வெட்டைப் பற்றிப் படித்துவிட்டுப் போய் நிற்பதற்கும், தெரியாமல் போய்த் தூணைச் சுற்றிவிட்டு வருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எதுவும் தெரியாமல் போனால் எதுவும் கண்ணில் படாது.

---

கடைசிப்பெட்டி, வெள்ளி மாலை 6:31

படித்துவிட்டுப் போவதை யார் வேண்டாம் என்றார்கள்? ஊரைப் பற்றிப் படியுங்கள். நாளை நாலு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

---

ஜன்னலோரம், வெள்ளி இரவு 9:04

கிளாம்பாக்கத்தில் நிற்கிறேன். முதுகுப் பையில் ஒரு செட் உடை, துண்டு, தண்ணீர், ஆதார், மூவாயிரம் ரூபாய். எதிரில் நாகப்பட்டினம் பஸ், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்டக்டர் கூவுகிறார். ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டேன்.

---

ஒற்றைப்பை, வெள்ளி இரவு 9:20

நல்லபடியாகப் போய் வாருங்கள் அண்ணா.

---

ஜன்னலோரம், ஞாயிறு இரவு 11:50

வந்துவிட்டேன். நாளை காலை அலுவலகம், ஆனால் இப்போது எழுதாவிட்டால் எழுத மாட்டேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் வரை தூங்கவில்லை. என்ன மடத்தனம் செய்துவிட்டோம், வீட்டில் படுத்திருக்கலாமே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. காரைக்கால் தாண்டும்போது ஜன்னலில் உப்புக் காற்று அடித்தது. அப்போது மனம் கொஞ்சம் இறங்கியது. விடியும் முன்பே நாகப்பட்டினம். டீக்கடையில் நின்று "இங்கிருந்து அடுத்த பஸ் எங்கே போகிறது?" என்று கேட்டேன். கடைக்காரர் "நீ எங்க போவணும்?" என்றார். அதுதான் தெரியவில்லை என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்ப வேதாரண்யம் போ, அந்தப் பக்கம் கடைசி" என்றார்.

பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் கூடை. வழி நெடுக, கஜா புயலில் எந்தத் தோப்பு போனது, எந்தத் தோப்பில் திரும்ப நட்டார்கள் என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையைக் கடந்த புயல். எனக்கு அது தொலைக்காட்சிச் செய்தி. அவருக்கு அது 40 தென்னை. "நட்டுட்டம், காய்க்க நாளாவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊரில் இறங்கிப் போய்விட்டார்.

வேதாரண்யம் கோயிலுக்குப் போனேன். அட்டவணை நண்பரே, இங்கே உங்களை நினைத்துக்கொண்டேன். அப்பர் பாடக் கதவு திறந்தது, சம்பந்தர் பாட மூடியது என்ற கதையை எங்கள் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். திருமறைக்காடு என்பது வேதாரண்யம்தான் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. படித்தது வீண்போகவில்லை. முப்பது வருஷம் கழித்து, எதிர்பாராத இடத்தில் வந்து நின்றது.

அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி. கடைசிப்பெட்டி ஐயா சொன்ன ஸ்டேஷனைப் பார்த்தேன், ரயில் இல்லாத நேரம். 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்து உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை பாத்திகள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே வந்துவிடுவார்களாம். நீளக் கம்பின் முனையில் பலகை கட்டி உப்பை இழுத்து வரப்பில் சேர்க்கிறார்கள். ஒருவர் இடம் கொடுத்தார், நானும் இழுத்துப் பார்த்தேன். பத்து இழுப்புக்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவருக்கு வயது 60க்கு மேல்.

மதியத்துக்கு மேல் கோடியக்கரை. புல்வெளியில் வெளிமான் கூட்டம், ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பு. தூரத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள், வெளிறிய கோடு போல. யாரும் வளர்க்காத மட்டக்குதிரைகள் தங்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் இப்படி ஒரு இடம் இருப்பது எனக்குத் தெரியாது.

கடற்கரையில் கீற்றுக் கொட்டகைகள். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் வந்து தங்கித் தொழில் செய்வார்களாம். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பேச்சு வளர்ந்தது, சோறு வந்தது, மீன் குழம்பு வந்தது. வலைக்கண்ணின் அளவு மீனுக்கு மீன் மாறும் என்பதை நூலைக் கையில் கொடுத்தே காட்டினார். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன் என்றதும் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, வியாபாரிக்கும் அவர்களுக்கும் உள்ள பாக்கியைச் சரிபார்க்கச் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் கூட்டல் தவறு, இரண்டும் அவர்களுக்கு நஷ்டமாக. என் வேலையால் ஒருவருக்கு நேரடியாக உபயோகம் ஆனதைக் கண்ணால் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் இருட்டு. கடைசி பஸ் போய்விட்டது. வேதாரண்யத்துக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர், சாலையின் இருபக்கமும் காடு. ரோந்து வந்த காவலர் ஆதாரைப் பார்த்துவிட்டு, வெளியாள் இங்கே இரவு தங்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். அங்கே நின்றபோது நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. போனில் சிக்னல் இருந்தது, பையில் பணம் இருந்தது, ஆனால் இரண்டாலும் எதுவும் ஆகப்போவதில்லை. கூப்பிட்டால் வர யாரும் இல்லை. விழுப்புரத்தில் வண்டி மாறிய அன்று மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். அன்றைய சந்தோஷம் எனக்கு, அதற்கான பயம் முழுக்க அவருக்கு. இன்று இரண்டும் எனக்கே.

முக்கால் மணி நேரம் கழித்து மீன் வண்டி ஒன்று வந்தது, ஏற்றிக்கொண்டார்கள். ஒன்பது மணிப் போனை ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பேசினேன். வேதாரண்யத்தில் மாசித் திருவிழாக் கூட்டம், எந்த விடுதியிலும் இடமில்லை. நான்காவது இடத்தில், மொட்டை மாடியில் படுத்துக்கொள்ளுங்கள் என்று பாயும் தலையணையும் கொடுத்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். விடியற்காலை நாகஸ்வரச் சத்தத்தில் எழுந்தேன்.

அறைக்கு முன்பணம் கட்டியிருந்தால் நான் ஐந்து மணிக்கே கிளம்பியிருப்பேன். அந்த நோட்டைப் பார்த்திருக்க மாட்டேன். மொத்தச் செலவு 1,640 ரூபாய்.

---

ஒற்றைப்பை, திங்கள் காலை 7:10

இரண்டு தடவை படித்தேன் அண்ணா. மொட்டை மாடியில் பாய் விரித்துத் தூங்கிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். எனக்கு அந்த வழி இல்லை. உங்கள் மீது குறை சொல்லவில்லை. உங்கள் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் அல்லவா, அவளும் ஒருநாள் கிளம்புவாள். அவளுக்கு அறை கிடைக்க வேண்டும்.

---

ஜன்னலோரம், திங்கள் காலை 7:45

மகள் கேட்டுவிட்டாள், அம்மா. "நான் எப்போது?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. உடனே பதில் சொல்ல வரவில்லை. முதலில் உங்கள் டவுன் பஸ் விளையாட்டை அவளும் நானும் சேர்ந்து ஆடப்போகிறோம். எந்த பஸ், எங்கே இறங்குவது என்பது அவள் முடிவு.

---

மலையடிவாரம், திங்கள் காலை 8:20

கூட்டல் தவறைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்களே, அதற்காகவே மறுபடி போங்கள். பங்குனி வரை அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

---

மல்லிகைப்பந்தல், அடுத்த புதன் மாலை 5:55

நேற்று என் தங்கை வந்திருந்தாள். காலை ஒன்பது முதல் நான்கு வரை நான் பார்த்துக்கொள்கிறேன், எங்காவது போய் வா என்றாள். எங்கே என்று யோசிக்காமல் சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண்கள் பொன்னேரியில் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அங்கே நின்ற பஸ்ஸில் பழவேற்காடு என்று போட்டிருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். நுழைவாயிலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். 1600களில் எங்கிருந்தோ கப்பலில் வந்து இங்கே செத்துப்போனவர்கள். படிக்க முடியாத மொழியில் பெயர்கள். மர நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். மாமியார் "எங்கம்மா போன?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எலும்புக்கூடு எப்படி இருந்தது என்று மூன்று தடவை கேட்டார்.

---

கடைசிப்பெட்டி, புதன் இரவு 8:12

அடுத்த தடவை பொன்னேரியில் இறங்காமல் கும்மிடிப்பூண்டி வரை போங்கள் அம்மா, புறநகர் வண்டிப் பாதையில் அந்தப் பக்கம் அதுவும் ஒரு கோடி. ஜன்னலோரம் தம்பி, அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் வரும் நேரத்தில் ஒருநாள் போகலாமா? நானும் வருகிறேன். திருத்துறைப்பூண்டி பிளாட்பாரத்தில் சந்திக்கலாம். திரும்புவதைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்.